அரசு வாங்கும் நெல், கோழி தின்னும் சோளம்

தமிழ்நாடு அரசு வருடாவருடம் ‘பருவம் மற்றும் பயிர் அறிக்கை’ என்று ஒன்று வெளியிடுகிறது. மெட்ராஸ் மாகாணக் காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் பழைய பழக்கம். எந்த மாவட்டத்தில் எவ்வளவு மழை, எத்தனை ஹெக்டேரில் என்ன விதைப்பு, ஏரிப் பாசனம் எவ்வளவு, கிணற்றுப் பாசனம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள்தான். கதை கிதை எதுவும் இருக்காது. ஆனால் ஐம்பது வருடத்து அறிக்கைகளை அடுக்கி வைத்து, இரண்டு பயிர்களுக்கு மட்டும் கோடு போட்டுப் பார்த்தால் ஒரு கதை தெரியத் தொடங்கும்.

முதல் கோடு நெல். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 25 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் போட்டார்கள். இன்று அது 20 லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. காவிரியில் தண்ணீர் வராத வருடம் தடாலென்று விழும், வந்த வருடம் எழும். இரண்டாவது கோடு மக்காச்சோளம். 1990 வாக்கில் அது தரையோடு தரையாகக் கிடக்கிறது, ஒரு லட்சம் ஹெக்டேரைக்கூடத் தொடாமல். 2000-க்குப் பிறகு நிமிர்கிறது. இப்போது நான்கு லட்சம் ஹெக்டேரை ஒட்டி இருக்கிறது.

இந்த இரண்டு கோடுகளும் ஒரே மண்ணில் மோதிக்கொள்ளவில்லை. நெல்லின் கோடு ஏறி இறங்குவது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம். மக்காச்சோளம் ஏறியது பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், திருப்பூர், விருதுநகர், தூத்துக்குடி பக்கம். அங்கே அது பிடித்த இடம் பெரும்பாலும் நெல்லின் இடம் கிடையாது. சோளம், கம்பு, வரகு, சாமை, பருத்தி, கடலை விளைந்த இடம்.

நெல்லை விளைவிப்பவரும் சாப்பிடுகிறார், வாங்குபவரும் சாப்பிடுகிறார். மக்காச்சோளத்தை விளைவிப்பவர் வீட்டில் அந்தத் தானியத்தை யாரும் உலையில் போடுவதில்லை. ஒரு பெரிய நிலப்பரப்பு, தான் சாப்பிட்ட தானியத்தைக் கைவிட்டு, தான் சாப்பிடாத தானியத்துக்கு மாறியிருக்கிறது. அது எப்படி நடந்தது?

இரண்டு தமிழ்நாடுகள்

தமிழ்நாட்டு விவசாய வரலாற்றை எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் முதலிலேயே கண்ணில் பட்டிருக்கிறது. கிறிஸ்டோபர் பேக்கர் தமிழகக் கிராமப்புறத்தை ஆற்றுப் பள்ளத்தாக்கு, சமவெளி, கொங்கு என்று பிரித்துப் பார்த்தார். டேவிட் லட்டன் திருநெல்வேலிச் சீமையை ஈரப் பகுதி, வறண்ட பகுதி, இரண்டும் கலந்த பகுதி என்று பிரித்தார். நம் ஊரில் இதற்கு வார்த்தைகள் முன்பே இருந்தன: நஞ்சை, புஞ்சை. இன்னும் மேலே போனால் மருதமும் முல்லையும். ஒன்றுக்கு நெல், மற்றதுக்கு வரகும் சாமையும்.

இது வெறும் மண் வகைப் பிரிவினை இல்லை. யார் என்ன சாப்பிட்டார்கள் என்ற பிரிவினையும் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் பேசும் மக்களில் பெரும்பாலானோருக்கு அன்றாடச் சாப்பாடு அரிசி கிடையாது. கேழ்வரகுக் களி, கம்மங்கூழ், சோளச்சோறு, வரகுச்சோறு. அரிசிச் சோற்றுக்கு ‘நெல்லுச்சோறு’ என்று தனிப் பெயரே உண்டு. பொங்கல், தீபாவளி, கல்யாணம், காரியம் என்றால் அது. கி.ராஜநாராயணனின் கரிசல் எழுத்தைப் படித்தவர்களுக்கு இது தெரிந்த உலகம்தான். நஞ்சை ஊர்களிலும்கூட வயலில் இறங்கி நெல்லை நட்டவர்கள் எல்லாரும் தினம் நெல்லுச்சோறு தின்றார்கள் என்று சொல்லிவிட முடியாது.

இந்த இரண்டு தமிழ்நாடுகளின் வித்தியாசம் எவ்வளவு கொடூரமானது என்பது 1876–78 பஞ்சத்தில் தெரிந்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்னும் பேசப்படும் பஞ்சம். மழை பொய்த்தபோது முதலில் செத்தது வானம் பார்த்த பூமி. அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் இடையில் பெரிய அளவில் சரிந்தது. அதே காலத்தில் காவிரி வாய்க்கால்கள் இருந்த தஞ்சாவூர் தாக்குப்பிடித்தது. அங்கே மிராசுதார்களுக்கு ஏறிய நெல் விலை லாபமாகவும் ஆனது. நாகப்பட்டினம் வழியாகத் தஞ்சாவூர் அரிசி இலங்கைக்குக் கப்பலேறியதும் அந்த நூற்றாண்டின் கதைதான். அங்கே தோட்டங்களில் அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களில் பலர், வறண்ட ஊர்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள்.

நாமக்கல் அந்தப் பழைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர். பிறகு அங்கே வருவோம்.

நெல்லுக்குக் கிடைத்தது

நெல்லின் கதையில் அரசாங்கம் எப்போதும் இருந்தது. கல்லணை சோழர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. கம்பெனி ஆட்சி அதன்மேல் கட்டியது. 1830-களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் கட்டியதால் காவிரிக்குப் போகும் தண்ணீர் நிலைத்தது. 1934-ல் மேட்டூர் அணை திறந்தது: முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12 என்ற தேதி டெல்டாவில் ஒரு பண்டிகை மாதிரி ஆனது அதன் பிறகுதான். அன்றைக்குத் தண்ணீர் திறந்தால் குறுவை உண்டு. இல்லையென்றால் சம்பா ஒன்றுதான்.

விதைக்கும் அரசாங்கம் வந்தது. 1912-ல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம், 1922-ல் ஆடுதுறையில் இன்னொன்று. 1921-ல் வெளியான ஜி.இ.பி. 24, அதாவது கிச்சிலிச் சம்பா, சன்ன ரக அரிசிக்கு ஒரு அளவுகோலானது. அதைத் தாயாதியாகக் கொண்டு பின்னால் எத்தனையோ ரகங்கள் வந்தன. அவற்றில் ஒன்று 1965-ல் வந்த ஆடுதுறை 27. ஜப்பானிய ரகமான நோரின் 10-ஐயும் கிச்சிலியையும் கலந்து உண்டாக்கியது; 105 நாளில் அறுவடைக்கு வரும். டெல்டாவில் பசுமைப் புரட்சி என்று சொல்லும்போது பெரியவர்கள் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

கொடுக்கல் ஒரு பக்கம் மட்டும் இருக்கவில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 20 ரகத்தை உருவாக்கியபோது, தண்டு துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக எடுத்துக்கொண்டது டி.கே.எம். 6 என்ற ரகத்தை. சென்னைக்குப் பக்கத்துத் திரூர்குப்பத்து நெல் அது. பிறகு ஐ.ஆர். 20 ஆக டெல்டாவுக்கே திரும்பி வந்தது.

ஏன் நெல்லுக்கு இவ்வளவு? ஒரு காரணம் பயம். மெட்ராஸ் மாகாணம் தன் அரிசிக் குறையைப் பர்மா அரிசியால் அடைத்துக்கொண்டிருந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. ரேஷன் வந்தது. 1960-களின் நடுவில் மறுபடி நாடு முழுக்கப் பஞ்சச் சூழல், அமெரிக்கக் கோதுமைக் கப்பல்கள். 1967 தேர்தலில் தி.மு.க.வின் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற வாக்குறுதிக்கு எவ்வளவு சக்தி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் படி அரிசிப் படி. அதைக் கம்புப் படி என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, கம்பு விளையும் ஊர்களில்கூட. ‘நெல்லுச்சோறு தினமும்’ என்பது வறண்ட ஊர்க்காரர்களுக்கு வெறும் ருசி விஷயமாக இருக்கவில்லை, மரியாதை விஷயமாகவும் இருந்தது.

இந்த நெல் செழிப்புக்குள் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி ரத்தத்தோடு வந்தது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டதன் பின்னணியில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லோரும் தலித் மக்கள். கேட்ட உயர்வு ‘அரைப்படி நெல்’ என்றே இன்றும் நினைவுகூரப்படுகிறது. எதிர்ப்பக்கம் நின்ற நிலவுடைமையாளர் சங்கத்தின் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். அடுத்த வருடம் மத்திய உள்துறை அமைச்சகம், நாட்டில் வளரும் விவசாயப் பதற்றங்கள் பற்றி ஒரு அறிக்கையே தயாரித்தது. விளைச்சல் கூடினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கையில் டெல்லிக்கே அப்போது ஒரு கீறல் விழுந்தது.

1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். பிறகு ஊருக்கு ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையம். 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு ரேஷன் அரிசி, 2011-ல் இலவசம். கொள்முதல் நிலையத்தில் கால்கடுக்க நிற்க வேண்டும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள், மழையில் மூட்டை நனையும். எல்லாம் உண்மை. ஆனாலும் நிற்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது, திட்டுவதற்கு ஒரு அரசாங்கம் இருக்கிறது.

பெயரில் மட்டும் சோளம்

மக்காச்சோளமும் நம் சோளமும் ஒரே பயிர் இல்லை. இரண்டும் புல் குடும்பம். நம் சோளம் ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் வந்து நிலைத்தது. மக்காச்சோளம் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு தெற்கு மெக்சிகோவில், டியோசிண்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து மனிதர்கள் பழக்கி எடுத்த பயிர். கொலம்பஸுக்குப் பிறகு உலகம் சுற்றியது. இந்தியாவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து.

இதற்கு எதிராக ஒரு சுவாரசியமான வாதமும் இருந்தது. காவிரிக் கரையில் சோமநாதபுரம் என்ற ஊரில் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஹொய்சளக் கோயில் இருக்கிறது. அங்கே சில சிலைகள் கையில் பிடித்திருப்பது மக்காச்சோளக் கதிர்தான் என்று 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். மண்ணுக்கடியில் அந்தக் காலத்து மக்காச்சோளம் கிடைத்தால்தான் நம்ப முடியும், சிலையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்றார்கள். வாதம் அங்கேயே நின்றுபோனது.

‘மக்கா’ என்ற முன்னொட்டு மெக்காவிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. இத்தாலியில் இதைத் ‘துருக்கித் தானியம்’ என்கிறார்கள். போன இடமெல்லாம் இதற்கு வேறு ஏதோ ஊரின் பெயரை ஒட்டிவிட்டார்கள்.

வட இந்தியாவில் பல இடங்களில் இது மனிதர் சாப்பாடானது. பஞ்சாபில் ரொட்டி, ராஜஸ்தானில் ராப்டி. தமிழ்நாட்டில் அந்த இடம் கிடைக்கவே இல்லை. மெரினாவில் கரியில் வாட்டி எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவித் தருவது, சினிமா தியேட்டர் பாப்கார்ன், அதோடு சரி. இந்திய அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. நாட்டின் முதல் ஒருங்கிணைந்த பயிர் ஆராய்ச்சித் திட்டமே 1957-ல் மக்காச்சோளத்துக்குத்தான் தொடங்கப்பட்டது. 1961-ல் முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. ஆனால் தமிழ்நாட்டில் அடுத்த முப்பது வருடம் பெரிய அசைவில்லை. விதை இருந்தது. தின்ன ஆள் இல்லை.

கோழி வந்த பிறகு

அந்த ஆள் நாமக்கல்லில் வந்து சேர்ந்தது. நாமக்கல் என்றால் லாரி பாடி கட்டும் ஊர், போர்வெல் வண்டி ஊர் என்றுதான் முதலில் பெயர். 1970-களிலிருந்து அங்கே முட்டைக் கோழிப் பண்ணைகள் பெருகின. வறண்ட ஊரில் கையில் கொஞ்சம் பணம் வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள், தண்ணீர் அதிகம் கேட்காத ஒரு தொழிலைத் தேடியதில் இது கிடைத்தது. கேரளம் பக்கத்தில் இருந்தது. லாரி கையிலேயே இருந்தது. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்து, விலையை வியாபாரி சொல்வதற்குப் பதிலாகப் பண்ணையாளர்கள் அறிவிக்கும் நிலையை உண்டாக்கியது. 1989-ல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 2010-ல் வாரத்துக்கு ஐந்து. இன்னொரு பக்கம் பல்லடத்தில் கறிக்கோழி வளர்ந்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பாதியை ஒட்டி மக்காச்சோளம். ஒரு கோடிக் கோழிக்கு ஒரு நாள் தீவனம் 1,100 டன். சோளம் மட்டும் 550 டன் வரும். நாமக்கல் வட்டாரத்தில் கோழிகள் பல கோடி. முட்டையின் மஞ்சள் கரு அந்த நிறத்தில் இருப்பதிலும் மக்காச்சோளத்தில் உள்ள நிறமிக்குப் பங்கு உண்டு. கம்பு, குருணை என்று வேறு எதைப் போட்டாலும் கடைசியில் இதற்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

இந்தத் தீனி கர்நாடகத்தின் தாவணகெரே பக்கமிருந்தும் ஆந்திரத்திலிருந்தும், சில பருவங்களில் பீகாரிலிருந்தும்கூட வந்தது. லாரி வாடகை கொடுத்து அங்கிருந்து கொண்டுவருவதற்குப் பக்கத்திலேயே விளைந்தால்? பெரம்பலூர் நாமக்கல்லிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். கரிசல் மண், வடகிழக்குப் பருவமழை. புரட்டாசியில் விதைத்தால் தையில் அறுவடை. தனியார் விதை நிறுவனங்களின் வீரிய ரகங்கள் 1990-களுக்குப் பிறகு சிற்றூர் உரக்கடை வரை வந்துவிட்டன. மானாவாரியில் இவ்வளவு மூட்டை தரும் வேறு தானியம் அந்த மண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை.

‘பாரம்பரியச் சிறுதானியத்தை விட்டுவிட்டார்கள்’ என்று நகரத்திலிருந்து வருத்தப்படுவது சுலபம். விட்டவர்கள் பக்கமிருந்து பாருங்கள். வரகு விதைத்தால் ஏக்கருக்குக் கிடைப்பது சில மூட்டை. அதை ஏழு அடுக்கு உமியிலிருந்து பிரித்து அரிசியாக்குவது உரலும் உலக்கையுமாகப் பெண்கள் தோளில் விழுந்த வேலை. கம்பு, சோளம் என்றால் பால் பிடிக்கும் நேரத்தில் கவணும் கையுமாகக் குருவி விரட்ட ஆள் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு யார் விரட்டுவது? அதற்குள் ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டது, ஒரு ரூபாய்க்கு, பிறகு இலவசமாக. வீட்டுச் சாப்பாட்டுக்காகப் புஞ்சையில் தானியம் போட வேண்டிய கட்டாயம் போனது. காசுக்கு எது விளையுமோ அதைப் போடலாம். அப்படிப் போட்டது மக்காச்சோளம்.

ஆக, இரண்டு கோடுகளும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. டெல்டாவில் அரசு வாங்கிய நெல்லும், மத்தியத் தொகுப்பில் வெளிமாநிலங்களிலிருந்து வந்த அரிசியும் சேர்ந்து பெரம்பலூர் அடுப்பில் சோறானது. அதனால் விடுபட்ட பெரம்பலூர் நிலம் நாமக்கல் கோழிக்குத் தீவனமானது.

விதை, விலை, புழு

பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடக்கூடாது என்பது நம் ஆட்களிடம் இருந்த கடைசிக் கட்டுப்பாடு. நெல்லில் இன்றும் விவசாயி தன் களத்திலிருந்தே அடுத்த போகத்துக்கு விதை எடுக்கலாம். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் அது நடக்காது. இரண்டு தனித்தனித் தாய்வழிகளைக் கலந்து உண்டாக்கும் விதை அது. அறுத்ததிலிருந்து எடுத்து விதைத்தால் செடி ஒன்று போல ஒன்று வராது, மகசூல் இறங்கும். எனவே ஒவ்வொரு வருடமும் உரக்கடையில் பை வாங்க வேண்டும். விதை, உரம், களைக்கொல்லி எல்லாம் பெரும்பாலும் கடனில்.

விலைக்கு வருவோம். மத்திய அரசு மக்காச்சோளத்துக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025–26-க்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். சாதாரண ரக நெல்லுக்கு 2,369. காகிதத்தில் மக்காச்சோளம் ஒரு படி மேலே! ஆனால் நெல்லுக்கு மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ரூபாய்க்குக் கொள்முதல் நிலையத்தில் வாங்குகிறது. மக்காச்சோளத்துக்கு ஊருக்கு ஊர் அப்படி நிலையம் கிடையாது. வியாபாரி களத்துக்கு வருவார், கையில் அள்ளிப் பார்ப்பார், ஈரம் என்பார், பூஞ்சை என்பார், விலை சொல்வார். சோளம் பூஞ்சை பிடித்தால் கோழிக்கு ஆகாது என்பதும் உண்மைதான். தார்ச் சாலையில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருப்பவருக்கு, அடுத்த மழைக்குள் விற்றாக வேண்டும்.

பிறகு 2018. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில். அந்த வருடப் புரட்டாசி விதைப்புக்குள் தமிழ்நாட்டு மக்காச்சோள மாவட்டங்கள் எல்லாவற்றிலும். தலையில் தலைகீழ் ‘ஒய்’ எழுத்து மாதிரி கோடு, வால் பக்கம் நான்கு புள்ளிகள். குருத்துக்குள் இறங்கிவிட்டால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. முட்டையிட வரும் அந்துப்பூச்சி ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறக்கும். செடி இந்தியாவுக்கு வந்து சில நூறு வருடம் கழித்து, அதன் பழைய எதிரி தேடிக்கொண்டு வந்துசேர்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர், ஒரே சமயத்தில் விதைத்தது; புழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? மாநில அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, வரப்பில் எள்ளும் சூரியகாந்தியும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரை தந்தது. புழு போகவில்லை. அதோடு விவசாயம் செய்யப் பழகிக்கொண்டார்கள், செலவு ஏறியபடியே.

டெல்டா மட்டும் நிம்மதியா?

இதை வாசித்துவிட்டு டெல்டாக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துவிடக்கூடாது. 2012-லிருந்து 2019 வரை ஒரு வருடம்கூட மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்கவில்லை. எட்டு வருடம்! 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. அந்த வருடம்தான் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டையோடுகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். 2007-ல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று முடித்தது. 2020-ல் ஜூன் 12-க்குத் திறந்தார்கள், 2022-ல் மே 24-க்கே திறந்தார்கள், 2024-ல் ஜூலை கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிக்கையின் நெல் கோட்டில் பல்வரிசை மாதிரித் தெரிவது இதுதான்.

ஆனால் கவனியுங்கள், டெல்டாவின் துயரத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. ஆணையம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, 2020-ல் போட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது. அணை திறக்காவிட்டால் அது தலைப்புச் செய்தி. புரட்டாசி மழை பெரம்பலூரில் பத்து நாள் தள்ளிப்போனால் அது வானிலைச் செய்தியின் கடைசி வரி.

அடுத்து யார் தின்பது?

கோழிக்கும் இப்போது போட்டி வந்துவிட்டது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டத்துக்குக் கரும்பும் அரிசியும் போதாமல், 2023-க்குப் பிறகு மக்காச்சோளம் பெரிய அளவில் ஆலைகளுக்குப் போகிறது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2024-ல் அதை இறக்குமதி செய்யும் நாடானது. மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தது. கோழித் துறை இறக்குமதி வரியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டது. வரி இறங்கினால் முட்டை விலை தாங்கும், பெரம்பலூர்க்காரர் விலை விழும். வரி நின்றால் நேர் எதிர். எத்தனால் ஆலைக்காரர், பண்ணைக்காரர், எண்ணெய் நிறுவனம் எல்லோரும் பேசும் அந்த மேசையில் மானாவாரி விவசாயிக்கு நாற்காலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கம் 2023 உலகச் சிறுதானிய ஆண்டு. வரகு அரிசி சூப்பர் மார்க்கெட்டில் பொன்னியைவிட விலை அதிகம். நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது அரசு. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நெல்லுக்கு ஐம்பது வருடமாகச் செய்ததை, அதாவது விளைந்ததை வாங்கி அதே மக்களுக்குச் சாப்பிடக் கொடுப்பதை, புஞ்சைத் தானியம் ஒன்றுக்குச் செய்வது புதிது. கேழ்வரகுக்கு முடிந்தால் சோளத்துக்கும் கம்புக்கும் முடியும். அதுவரை மக்காச்சோளத்தை விடச் சொல்லி யாரும் யாருக்கும் அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை. அந்த நிலத்தில் பணம் கொடுத்து வாங்க ஆள் இருக்கும் தானியம் இன்றைக்கு அது ஒன்றுதான்.

பருவம் மற்றும் பயிர் அறிக்கையின் அடுத்த தொகுதி வரும். அதில் மக்காச்சோளக் கோடு இன்னும் ஏறியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பரப்பு, மகசூல், உற்பத்தி என்று மூன்று பத்திகள் இருக்கும். யார் சாப்பிட்டார்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் பத்தி கிடையாது. அதை நாம்தான் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.